இது விளம்பரம் இல்லை, அண்ணா

பெருங்களத்தூர் பாலத்தடிச் சுவரில் பாதி முகத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் என் செல்ல அண்ணாவுக்கு,

மற்ற இடங்களில் உன்மேல் வேறு போஸ்டர்கள் வந்துவிட்டன. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மனை விற்பனை. பாலத்தடியில் மட்டும் உன் நெற்றியும் கண்ணும் மிஞ்சியிருக்கின்றன. பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் என்னையே பார்க்கிறாய். நான் போனில் ஏதோ படிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இதை நம் புத்தகத்தின் இணையப் பக்கத்தில் போடப்போகிறேன். உனக்கு எழுதுவதை ஊரே படிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை ஏன் பாப்பா மைக் வைத்துச் சொல்கிறாய் என்பாய். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். நாவல் எழுதிய புத்தி அவ்வளவு சீக்கிரம் விடுமா?

புதிதாக வந்தவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். நான் ஒரு துப்பறியும் நாவல் எழுதினேன். ‘ஏரிக்கு அந்தப்பக்கம் ஒரு மனை’ என்று பெயர். ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்ற தரகர் கஜபதி முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போவார். பதிப்பாளர்கள் யாரும் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும், குடும்பக் கதை இருந்தால் அனுப்புங்கள் என்றார். நீ உன் ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப்பை அளந்துகொண்டே கேட்டாய்.

“இன்னா பெரிய பதிப்பாளன்? நம்ம நெலத்த நாமளே தானே வித்தோம். புக்கையும் நாமளே விப்போம், வுடு.”

விற்றோமா? அட்டையை நானே வடிவமைத்தேன். பிழை திருத்தியதும் நானே. கேட்டால் மட்டும் அச்சடித்துத் தரும் முறையில் கோப்பை ஏற்றினோம். யாரும் கேட்கவில்லை. நீ கடைக் கவுண்டரில் குழாய்க்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவே அடுக்கி வைத்தாய். சிமெண்ட் வாங்க வந்த மேஸ்திரிகள் அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தையில் பழைய மிக்சிக்காரருக்கும் லவ் பேர்ட்ஸ் கூண்டுகளுக்கும் இடையில் பாயை விரித்து உட்கார்ந்தோம். பறவை விலை கேட்டவர்கள் நம்மிடமும் விலை கேட்டுவிட்டுப் போனார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அட்டைப்படத்தைப் போட்டேன், ஒவ்வொன்றிலிருந்தும் என்னை நீக்கினார்கள். அதையெல்லாம் நீ ரசித்தாய். எனக்கு அழுகையாக வந்தது.

அப்போதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது.

“நம்ம ஊர்ல எவனும் புக்கு விளம்பரத்த படிக்க மாட்டான் பாப்பா. ஆனா கண்ணீர் அஞ்சலி போஸ்டர படிக்காம போறவன் எவனாச்சும் கீறானா? வண்டிய ஓரங்கட்டி, யாருன்னு பாத்துட்டுத்தான் போவான்.”

உண்மைதான். நானே அப்படித்தான். கஜபதிக்குக் கண்ணீர் அஞ்சலி அடிப்பது என்று முடிவானது. தோற்றம், மறைவு, இரண்டு குத்துவிளக்கு, மேலே கறுப்புப் பட்டை, கீழே ‘ஆழ்ந்த வருத்தத்துடன், ஏரியில் மனை வாங்கியவர்கள்’. அதற்கும் கீழே பொடி எழுத்தில் நாவல் பெயர். முகத்துக்குத்தான் ஆள் இல்லை. இணையத்தில் கிடைத்த முகமெல்லாம் பல்பசை விளம்பரம் மாதிரி இருந்தது. அடுத்தவன் போட்டோவைப் போட்டால் கேஸ் போடுவான், என்னுடையதைப் போடு என்றாய். உன் மகள் நிவேதாவின் பட்டமளிப்பு அன்று வெள்ளைச் சட்டையில் எடுத்த படத்தை நீயே அனுப்பினாய். அண்ணி மட்டும், இதெல்லாம் வேண்டாங்க என்றாள். நீயும் நானும் நிவியும் சேர்ந்து அவளைக் கேலி செய்தோம்.

போஸ்டர் ஒட்டிய காலையில் மேடவாக்கத்துப் பெரியப்பா ரோஜா மாலையோடு வந்தது ஞாபகம் இருக்கிறதா? பெயரை அவர் பார்த்திருக்கிறார். அச்சடித்தவன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டாராம். கேட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதவருக்கு நீயே லுங்கியும் டூத் பிரஷ்ஷுமாகப் போய்க் கேட்டைத் திறந்தாய். மனுஷர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றிய பிறகுதான் மாலைப் பிரச்சினை வந்தது. சாவுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி எடுத்துப் போக அவருக்கு மனசில்லை. சாவில்லாத வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவும் அண்ணி விடவில்லை.

நீ அதை வாங்கி உன் கழுத்தில் போட்டுக்கொண்டாய். “நிவி, வீடியோ எடு” என்றாய். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தன் சாவு மாலையைத் தானே போட்டுக்கொண்ட மனிதர் என்று அந்த வீடியோ எங்கெங்கோ போயிற்று. புத்தகம் விற்றது. நான் கனவில்கூடக் காணாத அளவுக்கு விற்றது. உன்னைப் பார்க்கக் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். பாலத்தடி டீக்கடையில் உனக்கு ஒரு ரசிகர் கூட்டமே சேர்ந்தது. “சார், ஒரு வாட்டி செத்துக் காட்டு சார்” என்பார்கள். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிவாய், நாக்கைத் துருத்துவாய், எல்லோரும் கைதட்டியதும் ஒரு கண்ணைத் திறந்து “புக்கு வாங்குங்கப்பா” என்பாய். நிவி அதையும் படம் பிடித்தாள். அந்த வீடியோக்களை நான்தான் பக்கத்தில் போட்டேன். நல்ல தலைப்பெல்லாம் கொடுத்துப் போட்டேன்.

போன மழைக்காலத்தில் அதே பெஞ்சில் நீ நிஜமாகவே சரிந்தாய்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்கள். நீ போன செய்தியைப் பக்கத்தில் போட்டேன். சிரிக்கும் முகங்களாக வந்து விழுந்தன அண்ணா. ‘இரண்டாம் பாகம் எப்போ’ என்று ஒருவர் கேட்டிருந்தார். உன்னை எடுத்துப் போகும்போது ஜிஎஸ்டி ரோடு ஓரத்தில் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர்களைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

கருமாதி முடிந்ததும் அண்ணி என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். “அந்தப் போஸ்டர்தான் எமன வூட்டுக்குக் கூட்டிகினு வந்துச்சு.” அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. காகிதம் ஒட்டினால் உயிர் போகுமா? ராசி, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும், உனக்குத் தெரியும். உனக்குச் சர்க்கரை இருந்தது, அப்பாவுக்கும் நெஞ்சு வலிதான், நீ மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டாவது நாவலை எழுதி முடித்தேன்.

அதன் பிறகு ஒரு மாலை டீக்கடைக்குப் போனேன். டீ மாஸ்டர் ஏழுமலை, நீ ஏழு என்று கூப்பிடுவாயே, அவன் என்னைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்மா. இத்தினி நாளா சொல்ல வாய் வர்ல.”

“சொல்லு ஏழுமலை.”

“அன்னிக்கு அவுரு வந்து குந்துனாரு. நெஞ்ச புட்ச்சிகினாரு. இன்னா நைனா, அட்த்த புக்கு ரெடியான்னு நான்தான் கேட்டேன். அல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் போன எடுத்து வீடியோ புடிச்சான். நான் உள்ள போயி டீய ஆத்திகினு இருந்தேன்மா. ஆத்தி எட்த்துகினு வந்து கைல குட்த்தேன். கிளாஸு கீழ வுழுந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது.”

அவன் இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல் நின்றான்.

“அவுரும் சிரிச்சாரும்மா. நான் கேட்டப்போ என்னைப் பாத்து சிரிச்சாரு. அதான் என்னைத் தூங்க வுடல.”

அண்ணா, நீ ஏன் சிரித்தாய்? வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓட அங்கே அத்தனை பேர் இருந்தார்களே. இந்தக் கேள்வியை அன்றிலிருந்து சுமந்துகொண்டிருந்தேன். அண்ணி சொன்னது சரி, அவள் சொன்ன காரணம்தான் தப்பு. எமன் எல்லாம் வரவில்லை. விழுந்தால் நம்பாத ஒரு ஊரை உனக்காக நாம்தான் தயார் செய்து வைத்திருந்தோம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடம் எப்படிச் சொல்வது? வீடியோ எடுத்த உன் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

உன் மகள் இப்போது உன்னைவிடப் பெரிய விளம்பரக்காரி. என் பக்கத்தை அவள்தான் நடத்துகிறாள். முன்பதிவு, கூரியர், வாசகர் சந்திப்பு எல்லாம் அவள் பொறுப்பு. இரண்டாவது நாவலில் ரேவதி என்ற இளம் நில அளவையாளர் ஏரிக்கரையில் இறந்து கிடப்பாள். அவளுக்கும் கண்ணீர் அஞ்சலி அடிக்கப்போகிறோம் என்று நிவி என்னைக் கேட்காமலே அறிவித்துவிட்டாள். யார் முகம் என்று கேட்டேன். தன்னுடையதைக் காட்டினாள். உன்னைப் போலவே வெள்ளைச் சட்டை.

போஸ்டரே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னேன்.

“அப்ப நீயும் நம்புற, அத்தை” என்றாள். “அப்பா போஸ்டராலதான் செத்தார்னு அம்மா சொல்றத நீயும் நம்புற. அம்மா உன் மூஞ்சில முழிக்கிறதில்ல. நான் வீடியோ எடுத்தேன்னு என்னையும் சரியா பாக்குறதில்ல. என் போட்டோவ ஒட்டி, எனக்கு ஒண்ணும் ஆகலன்னு காட்டினாதான் இது தீரும். நீ அடிக்கலன்னா நானே அடிச்சு ஒட்டுவேன்.”

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஏழுமலை சொன்னதைச் சொன்னால் போஸ்டர் நின்றிருக்கும். ஆனால் அப்பா வலியில் சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், நீ எடுத்த வீடியோக்களைப் பார்த்துப் பழகித்தான் சிரித்தார்கள் என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? சரி, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு மேற்குத் தாம்பரம் அச்சகத்துக்குப் போனேன். பிளேட் போடுவதற்கு முன் படத்தை மாற்றச் சொன்னேன். என் படத்தைக் கொடுத்தேன்.

சேலையூர் வீட்டுக்குத் திரும்பி வந்து நாவலின் கோப்பைத் திறந்து ரேவதிக்கு என் வயதைக் கொடுத்தேன். ஓய்வுக்குச் சில மாதமே இருந்த அளவையாளர் ஆக்கினேன். அவளுடைய காதலனைக் கணவன் ஆக்கி, தலையை நரைக்க வைத்து, கோப்பைத் திரும்ப ஏற்றினேன். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு இருக்கும் ஒரே சுகம் அது. யாரையும் கேட்க வேண்டாம். அன்று அந்த வேலையை நிம்மதியாகச் செய்தேன். நிவி கீழே விழுந்தால் தூக்க ஊர் ஓடிவரும் என்ற நிம்மதி.

போஸ்டர் ஒட்டியவரிடம் பாலத்தடிச் சுவரில் உன்மேல் ஒட்டாமல் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். ஒட்டியிருக்கிறார். உன் பாதி முகமும் என் முழு முகமுமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம்.

நிவி கத்தித் தீர்த்துவிட்டாள். “என் எடத்த நீ எப்படி எடுக்கலாம்? உனக்கு என்ன, நீயே ஃபேமஸ் ஆகணுமா?” என்றாள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். புத்தகம் விற்கிறது. கடைகளில் என்னைப் பார்த்தவர்கள், மேடம் இன்னும் இருக்கீங்களா என்று சிரிக்கிறார்கள். நானும் உன்னைப் போலவே, புத்தகம் வாங்குங்க, அப்புறம் போறேன் என்கிறேன்.

முந்தாநாள் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஏறினேன். கையில் புத்தகப் பை. பாதியில் மூச்சு அடைத்தது. இடது தோளிலிருந்து முழங்கை வரை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தேன். கூட்டம் என்னைச் சுற்றி ஏறி இறங்கியது. ஒரு கல்லூரிப் பெண் நின்றாள். அப்பாடா, ஒருத்தியாவது நின்றாளே என்று நினைத்தேன்.

“மேடம், அந்த போஸ்டர்ல இருக்கறது நீங்கதானே? செம்ம ஆக்டிங் மேடம். ஒரு செல்ஃபி?”

நான் சிரித்தேன் அண்ணா.

வலித்துக்கொண்டிருந்தது. வியர்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் வாசகர் என்றதும் முகம் தானாகச் சிரித்துவிட்டது. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அட்டை தெரியும்படி பிடித்துக்கொள்ளவும் செய்தேன். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினாள். எத்தனை வருஷமாக ஒவ்வொரு முகத்தையும் வாங்கும் முகமா என்று பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டேன்? நீ ஏன் சிரித்தாய் என்று இனிமேல் உன்னிடம் கேட்க மாட்டேன்.

வலி தானாக விட்டது. நேராக டாக்டரிடம் போனேன். இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மாத்திரை கொடுத்தார். இரண்டொரு நாளில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும், மாடி ஏறக் கூடாது, தனியாக வரக் கூடாது, வீட்டு ஆள் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வீட்டு ஆள் என்றால் எனக்கு நிவிதானே. போன் செய்தேன், எடுக்கவில்லை. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேரச் சொல்கிறார்கள், வா என்று மெசேஜ் போட்டேன்.

ஒரு சிரிக்கும் முகம் வந்தது. கீழே, ‘அத்தை, போஸ்டர் பத்தலன்னு இப்ப இதுவா? நல்லா பண்ற’ என்று எழுதியிருந்தாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம்தான். என் அண்ணன் மகளே நம்பவில்லை என்றால் வேறு யார் நம்புவார்கள்? நேற்றிலிருந்து போனை எடுக்கவே இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு பதிவு வந்தால் முதல் மணி அவள் போனில்தான் அடிக்கும். கடைசி வரி வரை படிப்பாள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கவனிப்பாள். அதனால்தான் உனக்கு எழுதுவதை ஊர் முன்னால் எழுதினேன். இந்நேரம் அவள் ஏழுமலை சொன்னதைப் படித்து முடித்திருப்பாள். இப்படி அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று எவ்வளவோ நினைத்தேன். நீ அவளைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள். வீடியோ எடுக்கச் சொன்னது நீ, பக்கத்தில் போட்டது நான், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று என் சார்பிலும் சொல்.

அண்ணியின் வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஏழுமலைக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை. “கடைய மூடிட்டு இப்பவே வரட்டாம்மா?” என்றான். புத்தக விளம்பரமா என்று அவன் கேட்கவே இல்லை. இந்த ஊரில் என்னை உடனே நம்பிய ஒரே ஆள் அவன்தான். நாளைக் காலை ஆட்டோவோடு வருகிறான். போகும்போது நிவி வாசலில் நிற்கிறாளா என்று பார்ப்பேன்.

இங்கே கீழே சிரிக்கும் முகம் போட விரல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தனை நாள் உங்களை ஏமாற்றித்தான் புத்தகம் விற்றேன், அதனால் உங்கள்மேல் தப்பில்லை. நாளை முதல் நான் உங்களுக்குப் பதில் போடாவிட்டால், அதை மூன்றாம் பாகம் என்று நினைக்காதீர்கள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணா. நிவியின் முகம் எந்தச் சுவரிலும் ஏறாது. திரும்பி வந்தால் நானே வாளியில் தண்ணீரும் கையில் சுரண்டியுமாக வந்து பாலத்தடியில் என் முகத்தைக் கிழித்து எடுப்பேன், உன்னைத் தொட மாட்டேன். நாளைக்கு அங்கே எனக்கு வலித்தால் வலிக்கிறது என்று சத்தமாகச் சொல்வேன். யார் போனை நீட்டினாலும், எந்த வாசகர் வந்து நின்றாலும், சிரிக்க மாட்டேன்.

சுவரில் உன் பக்கத்திலேயே இருக்கும்,
உன் பாப்பா